கஞ்சிக்கு உப்புப் போட்டாச்சு

சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு அடுப்படிக்குத் திரும்பி, கஞ்சித் தேக்சாவின் மூடியைத் தூக்கியபோதுதான் சபுராவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. கஞ்சிக்கு உப்புப் போட்டோமா? போட்டோமே. கல்லுப்பு ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினோமே, ஈரக் கையில் நாலு கல் ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்று அடம் பிடித்ததே, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டோமே. சரி, அது இன்றைக்குத்தானா? நேற்று முதல் நோன்பு, கஞ்சி காய்ச்சியது மாமி, புருஷனைப் பெற்றவள். சபுரா மதுரைக்குப் போய் இடுப்பில் மாதாந்திர ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து படுத்துக் கிடந்தாள். அப்படியென்றால் அந்த ஈரக் கை இன்றைய கைதான். ஆனால் இந்த மேலப்பாளையத்து வீட்டில் எத்தனை ரமலானுக்கு எத்தனை பிடி உப்பு அள்ளியிருக்கிறாள், அதில் ஏதோ ஒரு பழைய பிடி வந்து இன்றைக்கு என்று பொய் சொல்கிறதோ என்னவோ. வேறு வீடு என்றால் நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவார்கள், தொண்டையில் இறங்காத வரைக்கும் நோன்புக்குக் குறைவில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருக்கிறார். மாமியிடம் அந்தக் கதை நடக்காது. இந்த வீட்டில் நோன்பு வைத்தவள் கஞ்சியை நாக்கில் வைக்கமாட்டாள், ஆவியை முகர்ந்து உப்பைச் சொல்லவேண்டும். மாமி சொல்லிவிடுவாள். சபுராவும் ஒரு காலத்தில் சொன்னவள்தான். இப்போது குனிந்து முகர்ந்தாள். வெந்தயம் வந்தது, பட்டை வந்தது, தேங்காய்ப்பால் வந்தது, கொத்துக்கறியின் வாசம் வந்தது. உப்பு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு சட்டிக் கஞ்சிக்கு உப்புக் குறைந்தால் என்ன, மேலே தூவிக் கலக்கிக் குடித்துவிட்டுப் போகிறார்கள். எந்த வீட்டிலும் அதற்காக யாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஆனால் சபுராவுக்கு இது உப்புக் கணக்கு இல்லை. ஏழு வருஷத்துக்குப் பிறகு அவள் வைத்திருக்கும் முதல் நோன்பு இது. விடியுமுன் சஹர் சாப்பிட்டு, நிய்யத்து வைத்து, இதோ பொழுது மஞ்சளாகும் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்து மஃரிப் பாங்கைக் கேட்டுவிட்டால், கணையத்தின் வாலில் உட்கார்ந்து ஐந்து வருஷம் அவளை ஆட்டிவைத்த அந்தக் கட்டி உண்மையிலேயே ஒழிந்தது என்று நம்புவாள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் பொற்கொடி சொல்லிவிட்டார்தான், இரண்டு தடவை சொல்லிவிட்டார், ஆனால் ஸ்கேன் என்பது யாரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், அதில் எது ஈரல் எது இரைப்பை என்று இவளுக்கு என்ன தெரியும். பட்டினி கிடந்த உடம்பு சொல்லட்டும். கட்டி திரும்பி வந்திருந்தால் அது முதலில் மறதியாகத்தான் வரும். முதலில் மறதி, பிறகு வேர்வை, பிறகு விரல் நடுக்கம், பிறகு ஒரு டம்ளர் இரண்டு டம்ளராகத் தெரியும், பிறகு அவள் அவளாக இருக்கமாட்டாள். அதனால்தான் உப்பு. போட்டது ஞாபகம் இருக்கிறதா, இல்லையா, இருக்கிறதா?

வேர்க்கிறது. மேலுதட்டில் பொடிப்பொடியாக வேர்க்கிறது. அடுப்புச் சூடு, பங்குனி மாதம், வேர்க்காமல் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் கண் டம்ளர் அடுக்கைத் தேடிப் போயிற்று. ஒரு டம்ளர் ஒரு டம்ளராகத்தான் இருந்தது. நல்லது. விரலை நீட்டிப் பார்த்தாள். லேசாக ஆடுகிற மாதிரி இருந்தது, உற்றுப் பார்த்தால் யார் விரலும் ஆடத்தான் செய்யும், உற்றுப் பார்க்காதே சபுரா. ஃபிரிட்ஜின் தலையில் சர்க்கரை பார்க்கும் மெஷின் உட்கார்ந்து அவளையே பார்த்தது. மத்தியானம் லுஹருக்குக் குத்திப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. அசருக்கும் பார்க்கவேண்டும் என்பது டாக்டரோடு பேசிக்கொண்ட உடன்படிக்கை, குறைந்தால் அந்த நிமிஷமே நோன்பை விட்டுவிடவேண்டும் என்பதும் உடன்படிக்கை. கை அந்தப் பக்கம் போகமாட்டேன் என்கிறது. சற்று முன் பெயின்ட் கடையிலிருந்து புருஷன் அசன் மைதீன் போனில், "குத்திப் பாத்தியா?" என்று கேட்டதற்கு, "பாத்தாச்சு மச்சான், நல்லாருக்கு" என்று கூசாமல் சொல்லிவிட்டாள். நோன்பு வாயால் பொய். மனுஷன் அதை நம்பி, அல்ஹம்துலில்லாஹ் என்று வேறு சொல்லி வைத்தான். பாவம், அவனுக்கு இவள் பொய் தெரியவே தெரியாது, இத்தனை வருஷத்தில் இவள் மயங்கி விழுந்தது தெரியும், உளறியது தெரியும், பொய் தெரியாது.

பொய் அவளுக்குப் புதிதா என்ன. நோன்பு மாதத்துப் பொய் எல்லாம் அத்துப்படி. முதல் வருஷம் பகலில் தலை சுற்றுகிறது என்று படுத்தாள், எல்லோருக்கும் சுற்றும், நோன்பு என்றால் சும்மாவா என்றார்கள். பிறகு காலையில் எழுப்பினால் எழுந்திருக்கமாட்டாள். எழுந்தால் கண் திறந்திருக்கும், ஆள் உள்ளே இருக்கமாட்டாள். என்னமோ சிரிப்பாள், சம்பந்தமில்லாமல் திட்டுவாள். தின்றால் தெளிந்துவிடும். அதுதான் கொடுமை, தின்றால் தெளிந்துவிடும். ஒரு துண்டு கருப்பட்டி, ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குச் சர்பத், அவ்வளவுதான், திரை விலகின மாதிரி உலகம் பழையபடி வந்துவிடும். அது அவளுக்குத் தெரியாமலே அவள் கைக்குத் தெரிந்துபோயிற்று. முந்தானை முடிச்சில் கருப்பட்டி, தலையணைக்கு அடியில் பிஸ்கட், துணிப் பெட்டிக்குள் கடலைமிட்டாய். ஒல்லிக்குச்சியாக இருந்தவள் ஊதிப் பெருத்தாள். தின்னிப் பண்டாரம் என்று நாத்தனார் கேலி செய்தாள், இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஒரு டாக்டர் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் மனசுதான் காரணம் என்றார், மனசுக்கு என்ன குறை என்று அசன் மைதீன் வீடு திரும்புகிற வழியெல்லாம் அவளைக் கேட்டுக்கொண்டே வந்தான். யாரோ ஜின் பிடித்திருக்கிறது என்று சொல்லப்போக, ஓதி ஊதின தண்ணீர் வந்தது, கயிறு வந்தது, வெறும் வயிற்றில் இருந்தால் ஜின் இறங்கும் என்று ஒரு யோசனையும் வந்தது. பட்டினி போட்டார்கள். ஜின் இறங்கவில்லை, சபுராதான் இறங்கிப் போனாள், தரையில் கிடந்து கை காலை உதைத்துக்கொண்டு. பாவம், நல்லதுக்குத்தான் செய்தார்கள், அதை நினைத்தால் இப்போதும் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஆனால் ஒரு கதவுதான் மனசில் கிடந்து உறுத்துகிறது. இதே அடுப்படியின் கதவு. அதற்குப் பின்னால் நின்று நோன்பு நாளில், நல்ல பகலில், வாய் நிறையப் பேரீச்சம்பழம் அடைத்துக்கொண்டிருந்தாள். எப்படி அங்கே வந்தாள், எப்போது பழத்தை எடுத்தாள், ஒன்றும் தெரியாது. தெளிந்து நிமிர்ந்தால் எதிரே மாமி. மாமிக்குப் பின்னால் தெருப் பெண்கள் இரண்டு பேர், கஞ்சிக்குப் பாத்திரத்தோடு வந்தவர்கள். மாமி அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஆறியிருக்கும். "நோன்ப முறிச்ச கையால காச்சுன கஞ்சி என் தொண்டைக்குள்ள எறங்காது" என்று மட்டும் சொன்னாள். சொன்னபடியே இருந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ரமலானுக்கும் மாமியே கஞ்சி காய்ச்சினாள், முட்டி வலியோடு நின்று காய்ச்சினாள், சபுராவை வெங்காயம் உரிக்கக்கூட விடவில்லை. ஆபரேஷன் முடிந்து ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்று மாமி முக்காட்டில் முகத்தைப் புதைத்து அழுததை மகள் நிஸ்ரின் சொல்லித் தெரியும். ஆனால் அந்த வார்த்தையை மாமி திரும்ப எடுக்கவே இல்லை, சபுராவும் கேட்கவில்லை, அது பாட்டுக்கு இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கிறது. இன்று காலையில் மாமி தானாகவே அகப்பையை எடுத்து இவள் கையில் கொடுத்தாள். அந்த அகப்பையைப் பிடித்ததிலிருந்துதான் சபுராவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

உப்பு. மாமி கேட்டாளே! அசர் தொழ ஒளு எடுக்கப் போகும்போது மாமி முற்றத்தில் மல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள், "ஏளா, உப்புப் போட்டியா?" என்றாள். "போட்டாச்சு மாமி" என்று இவள் சொன்னாள். சொன்னது நிஜம். ஆனால் போட்டதால் சொன்னாளா, கேட்டதால் சொன்னாளா? வாய் தானாகப் பதில் சொல்லும், மயக்கத்தில் கூடச் சொல்லும். என்ன கேட்டாலும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிய காலம் உண்டே. நிஸ்ரின்தான் அதைக் கண்டுபிடித்தாள், பள்ளிக்கூடத்தில் படித்த காலம். உம்மா முழிப்பது சரியில்லை என்றால் உடனே, "உம்மா, என் பேரென்ன?" என்று கேட்பாள். சொல்லிவிட்டால் ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம். சொல்லாவிட்டால் சர்பத் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். ஒரு தடவை கத்திரிக்காய் என்று சொன்னாளாம். பெற்ற மகளைப் பார்த்துக் கத்திரிக்காய். நிஸ்ரின் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், கத்திரிக்காய் வந்திருக்கேன் கதவைத் திறங்க என்று கல்லூரியிலிருந்து வந்து கூப்பிடுவாள். அன்று அந்தப் பிள்ளை எப்படிப் பயந்திருக்கும். மதுரையில் டாக்டர் பொற்கொடியிடம் மற்றவர்கள் எல்லாம் வலிப்பு, ஜின், மனசு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது இந்தப் பிள்ளைதான், "சர்பத் குடுத்தா எங்க உம்மா வந்துருவாங்க டாக்டர்" என்றது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் சபுராவுக்கு இப்போதும் மேல் சிலிர்க்கிறது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் மட்டும். மூன்று நாள் வரைக்கும் ஆகலாம், பயப்படாதீங்க, நாங்க பக்கத்திலேயே இருப்போம் என்றார்கள். உலகத்தில் நோன்பு முறிக்கிறவள் என்று பேர் வாங்கினவளை நோன்பு வைக்கச் சொல்லிக் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். மணிக்கு மணி ரத்தம் எடுத்தார்கள். இவள் வெட்கத்தோடு படுத்திருந்தாள், இங்கேயும் முறித்துவிடுவோம், இவர்கள் முன்னாலும் மானம் போகும் என்று. முதல் ராத்திரியைக்கூடத் தாண்டவில்லை, போய்விட்டாள். கண் விழித்தபோது கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் பொற்கொடி கட்டில் ஓரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பரீட்சையில் ஜெயித்த பெண் மாதிரிச் சிரித்தார். "பிடிச்சாச்சும்மா" என்றார். சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருந்தது, போன பிறகும் உடம்பு இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருந்ததாம், கணையத்தில் ஒரு கட்டி அதைச் சுரக்கிறதாம், லட்சக்கணக்கில் ஒருத்தருக்கு வருகிற சமாச்சாரமாம். "நீங்க ஒளிச்சு வச்சுத் தின்னது ஆசையில இல்லம்மா. திங்காம இருந்திருந்தா நீங்க எப்பவோ போயிருப்பீங்க. உங்க உடம்பு உயிரைப் பிடிச்சு வச்சிருந்திருக்கு." கேட்டதும் சபுரா ஓ என்று அழுதாள். நோயைக் கேட்டு அழுகிறாள் என்று நர்ஸ் தோளைத் தட்டினாள். அவள் அழுதது அதற்கில்லை. நோன்பை முறித்ததற்காக அவளைப் பார்த்து ஒருத்தி சந்தோஷமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பெரும்பாலும் இது சாதுவான கட்டி, எடுத்தால் போயிற்று என்றார்கள். இவளுடையது சாதுவில்லை. ஈரலிலும் ஒரு புள்ளி போய் உட்கார்ந்திருந்தது. புற்று என்ற வார்த்தையை டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார், கூடவே, மற்ற கணையப் புற்று மாதிரி இது ஓட்டமாக ஓடாது, நின்று சண்டை போட நேரம் தரும் என்றும் சொன்னார். கணையத்தின் வாலை வெட்டினார்கள், மண்ணீரலை எடுத்தார்கள், ஈரலில் ஒரு துண்டைச் செதுக்கினார்கள். வயிற்றில் குறுக்கே ஒரு பெரிய தையல் வந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாள் சர்க்கரை ஏறிக் கிடந்ததாம், அசன் மைதீன் வராந்தாவில் போய், "ஏறிட்டு, ஏறிட்டு" என்று சத்தம் போட்டானாம். ஊரில் எல்லோரும் சர்க்கரை ஏறினால் அழுவார்கள், இவன் இனிப்பு வாங்கிக் கொடுத்தானாம். இப்போது இரண்டு வருஷம். மாதம் ஒரு ஊசி, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். நேற்று ஊசி போட்ட கையோடு டாக்டர் கேட்டார், "ரமலான் பிறந்துட்டுல்ல? ஒரு நாள் வச்சுப் பாக்கிறீங்களா?" அப்போதே இவளுக்குப் பசி எடுத்தது, நல்ல பசி, மயக்கமில்லாத பசி. இதோ இப்போதும் எடுக்கிறது. அட, ஆமாம். இது பசிதான். வயிறு கிள்ளுகிறது, நாக்கு வறள்கிறது, தெருவிலிருந்து வரும் வடை வாசத்துக்கு எச்சில் ஊறுகிறது. அந்த நாட்களில் பசி என்று ஒன்று இருந்ததா? நேரே இருட்டுதான். பசிக்கிறது, யா அல்லாஹ், எனக்குப் பசிக்கிறது. சபுரா தேக்சாவின் முன்னால் நின்று தனியாகச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் மறுபடியும் உப்பு வந்து முன்னால் நின்றது.

ஒரு பிடி போட்டுவிடலாமா? ஏற்கெனவே போட்டிருந்தால்? போடாமல் விடலாமா? போடாமல் இருந்திருந்தால்? கை ஜாடியின் மூடி வரைக்கும் போய் நின்றது. இல்லை. போட்டேன். ஈரக் கை, நாலு கல், தலைப்பு. நான் போட்டேன், எனக்குத் தெரியும், இன்னொரு தடவை போடமாட்டேன். மூடியிலிருந்து கையை எடுத்து, அடுப்பை அணைத்தாள்.

அசன் மைதீன் கடையைப் பூட்டிவிட்டு வந்து கை கால் கழுவினான். நிஸ்ரின் பாயை விரித்துத் தட்டுகளை வைத்தாள், வடை, கடற்பாசி இனிப்பு, நன்னாரி சர்பத். மாமி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். சபுரா கஞ்சியை நாலு கோப்பையில் ஊற்றி வைத்தாள், ஒரு சொட்டுக் கீழே சிந்தவில்லை. எல்லோரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். மூன்று பேரும் பாங்கைக் கேட்கிற சாக்கில் அவளையே பார்த்தார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது, முதல் அல்லாஹு அக்பர் கூரைகளுக்கு மேலே ஏறியது. அவள் பேரீச்சம்பழத்தைக் கடித்தாள். கதவுக்குப் பின்னால் இல்லை, பாயின் நடுவில், எல்லோரும் பார்க்க. தண்ணீர் தொண்டையில் இறங்கி நெஞ்சு வழியாகப் போவது தெரிந்தது. முடித்துவிட்டாள். முழு நோன்பு. அசன் மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கஞ்சிக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தான். குடித்தவன் கோப்பையைச் சட்டென்று கீழே இறக்கினான்.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்லியே, நல்லாருக்கு" என்றான். அவனுக்குப் பொய் வராது. சபுரா தன் கோப்பையை எடுத்து வாயில் வைத்தாள். உப்பு. கரித்துக்கொட்டியது. கடல் தண்ணீர் கெட்டது போ. அவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் சில்லிட்டுப் போயிற்று. இரண்டு தடவை போட்டிருக்கிறாள். ஒரு தடவை போட்டதுதான் ஞாபகம் இருக்கிறது, இன்னொரு தடவை போட்டது இல்லை. ஞாபகம் இல்லாத அந்த ஒரு பிடி எப்போது விழுந்தது, யார் போட்டது, அவளுக்குள்ளிருந்து எது எழுந்துபோய்ப் போட்டது? வந்துவிட்டது. திரும்பி வந்துவிட்டது.

"உம்மா" என்றாள் நிஸ்ரின். அவள் முகமும் வெளுத்திருந்தது. "உம்மா, என் பேரென்ன?"

"நிஸ்ரின்" என்றாள் சபுரா. "நிஸ்ரின் பாத்திமா. எனக்கு நல்லாத் தெரியுதுளா. ஆனா உப்பு... ஒரு தடவ போட்டதுதான் எனக்குத் தெரியும். சத்தியமா ஒரு தடவதான்."

மாமி காலை மடக்கினாள். தொண்டையைச் செருமினாள். "ஒரு தடவதான் போட்ட" என்றாள். "மத்தது நான் போட்டது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கீய? இவ தொழப் போயிருந்தா. போட்டேன்னுதான் சொன்னா. ஒருவேள மறந்திருந்தான்னா? கஞ்சி சப்புன்னு இருந்து, அந்தச் சீக்குத் திரும்ப வந்துட்டுன்னு இவ மனசு ஒடஞ்சுபோனா? அதான் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். எம் புத்திய செருப்பால அடிக்கணும். மொகந்து பாத்தேன், வயசாச்சுல்லா, மூக்குக்கு ஒண்ணும் தெரியல."

சபுராவின் வாயிலிருந்து வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "அப்போ நான் போட்டது நெசம்" என்றாள். "மச்சான், நான் போட்டது நெசம். நிஸ்ரின், கேட்டியா, எனக்கு ஞாபகம் இருந்துச்சு! ஈரக் கை, நாலு கல்லு ஒட்டிக்கிட்டு, எல்லாம் இன்னைக்குத்தான்!" உடம்பு முழுக்க ஒரு வெளிச்சம் பரவின மாதிரி இருந்தது. கோப்பையை எடுத்து அந்தக் கரிக்கிற கஞ்சியை மடக்கு மடக்காகக் குடித்தாள். ஏழு வருஷத்தில் இவ்வளவு ருசியாக ஒன்று அவள் நாக்கில் பட்டதில்லை. அசன் மைதீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அசருக்கு மெஷின்ல பாக்கவே இல்ல மச்சான், பயந்துக்கிட்டுப் பொய் சொல்லிட்டேன்" என்று அதையும் அதே மூச்சில் கொட்டிவிட்டாள், அவன் சிரிப்பு நின்று, முறைத்து, "நாளைக்கு நானே வந்து குத்துதேன்" என்றான்.

மாமி தன் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தாள். மாமிக்குப் பிரஷர் உண்டு, இந்த உப்பு ஆகாது, வேண்டாம் மாமி என்று சபுரா கையை நீட்டுவதற்குள் குடிக்கத் தொடங்கிவிட்டாள். நிறுத்தி நிறுத்தி, முகத்தைச் சுளிக்காமல், அடி வரைக்கும் குடித்தாள். முக்காட்டின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு சபுராவைப் பார்த்தாள். "எறங்கிட்டுளா" என்றாள். கண் நிறைந்திருந்தது. "நல்லா எறங்கிட்டு. இன்னும் ஒரு அகப்ப ஊத்து."

சபுரா அகப்பையை எடுத்தாள். விரல் ஆடவில்லை. "அரை அகப்பதான் மாமி, மீதிக்கு வடையத் தின்னுங்க" என்று ஊற்றினாள். "நாளைக்கும் நோன்பு வைப்பேன், நாளைக்கும் கஞ்சி நான்தான். நீங்க அடுப்பாங்கரைப் பக்கம் தலைய நீட்டக் கூடாது, சொல்லிட்டேன். உப்ப நான் பாத்துக்கிடுதேன்."